எலும்பு போய் வந்த தூரம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். தலைப்பு முதுகெலும்பு முறிவு. நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். இதைப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பல வருடங்களுக்கு முன் ஒரு மீனவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அதோடு, நான் ஒரு தப்பும் செய்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பழவேற்காட்டுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அந்த ஏரியில் ஆழம் அதிகம் கிடையாது. பல இடங்களில் இறங்கி நடக்கலாம். ஆபத்து ஏரியில் இல்லை, அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே மணல் சேர்ந்து திட்டாகும். திட்டின் மேல் அலை எழும்பி உடையும். படகு அந்த அலையைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும், திரும்பவும் வர வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து, மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள் பெருகின. அந்தப் படகுகளுக்கும் எஞ்சின்களுக்கும் கடன் கொடுத்த கிளைகளில் ஒன்றில்தான் அப்போது நான் வேலை பார்த்தேன்.

2007-இல் ஒரு மீனவர் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. குப்பத்துக்கு நேரில் போய் விசாரிக்க அதிகாரி கிளம்பினார். குறிப்பெழுத என்னையும் கூட்டிப் போனார். அந்த மனிதர் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்துவாரத்தில் படகு அலையின் உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் தண்ணீர் இல்லாத பள்ளத்தில் 'தொப்' என்று விழுந்திருக்கிறது. அவர் குறுக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கூட இருந்தவர்கள் அக்குளில் ஒருவர், காலில் ஒருவர் எனப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். இடுப்பின் முதல் முள்ளெலும்பு உடைந்திருந்தது. துண்டு ஒன்று தண்டுவடம் போகும் கால்வாய்க்குள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. வலது காலில் பாதம் தூக்க வரவில்லை. ஆனால் படத்தில் அடைப்பு சிறிது என்பதால் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது: கடனைக் கட்டாமலிருக்க நடிக்கிறான் என்று. சொந்த மைத்துனரே அப்படிச் சொன்னார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், டாக்டரு படத்தக் காட்டி எலும்பு கொஞ்சம்தான் உள்ள வந்துக்குதுன்றாரு. கொஞ்சம்தான்னா, காலு ஏன் சார் இப்பிடி கீது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கிளைக்குத் திரும்பி, பார்வைக் குறிப்பில் இப்படி எழுதினேன்: "ஸ்கேன் அறிக்கையின்படி பாதிப்பு சிறிதளவே." அதிகாரி அதன் கீழே கையெழுத்துப் போட்டார். தவணையைத் தள்ளிவைக்கக் கேட்ட மனு நிராகரிக்கப்பட்டது. அவர் படகை விற்றார். அந்த ஒரு வரி என் கையெழுத்தில் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் முதுகுத்தண்டில் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று தனித்தனி முள்ளெலும்புகள். அதற்குக் கீழே ஒட்டிப்போனவை. ஒவ்வொன்றின் முன்பக்கம் ஒரு உருளைக் கட்டை, பின்பக்கம் ஒரு வளையம். வளையங்கள் அடுக்காக அமைந்து ஒரு கால்வாய் ஆகின்றன. அதற்குள் தண்டுவடம் இறங்குகிறது. பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளின் மட்டத்தில் முடிந்து, நரம்புக் கற்றையாகப் பிரிகிறது. மார்புப் பகுதியை விலா எலும்புகள் கட்டிப் பிடித்திருக்கின்றன. இடுப்புப் பகுதி வளையும். விறைப்பும் வளைவும் சந்திக்கும் இடத்தில்தான் விபத்து முறிவுகள் அதிகம். மின்விசிறிக் கம்பி மேலே கப்புக்குள் நுழையும் இடத்தில் ஒடிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து வரும் இடியில் கட்டை நொறுங்கி நாலாபுறமும் சிதறினால் அதை வெடிப்பு முறிவு என்கிறார்கள். 1983-இல் ஃபிரான்சிஸ் டெனிஸ் என்ற மருத்துவர் 412 பேரின் காயங்களை ஆராய்ந்து, முதுகெலும்பை முன், நடு, பின் என மூன்று தூண்களாகப் பிரித்து விளக்கினார். வெடிப்பு முறிவில் நடுத்தூணும் உடைகிறது. அதன் பின்னால்தான் தண்டுவடம் இருக்கிறது.

இதற்கு வைத்தியம் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் முறிவை ஆராய வேண்டும். ஆனால் விபத்து நடக்கும் அந்த நொடியில் யாரும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பதில்லை. உயிருள்ள மனிதரின் முதுகை உடைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் முறிவை உண்டாக்குகிறார்கள். உடல் தானம் செய்தவர்களின் முதுகுத்தண்டிலிருந்து மூன்று நான்கு முள்ளெலும்புகளை, இடையிலுள்ள தட்டுகளும் நார்ப்பட்டைகளும் கெடாமல் எடுத்து, உறைய வைத்துப் பாதுகாப்பார்கள். சோதனை நாளில் உறைநிலை நீக்கி, மேல் முனையையும் கீழ் முனையையும் சிமெண்ட் போன்ற பசையில் பதிப்பார்கள். அதை ஒரு கோபுரத்தின் அடியில் நிறுத்தி, மேலிருந்து தண்டவாளத்தில் ஓடும் எடையை விழவிடுவார்கள். எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, எலும்பு எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது என்பதெல்லாம் கணக்கில் ஏறும். மனித எலும்பு கிடைப்பது அரிது என்பதால் கன்று, மாடு, பன்றி ஆகியவற்றின் முதுகெலும்பையும் பயன்படுத்துகிறார்கள்.

இந்தத் துறையில் ஒரு இந்தியப் பெயர் முக்கியமானது: மனோகர் பஞ்சாபி. இந்தியாவில் பிறந்து, ஸ்வீடனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வுக்கூடத்தை நடத்திய பொறியியலாளர். அகஸ்டஸ் வைட் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து 1978-இல் இவர் எழுதிய முதுகெலும்பின் இயக்கவியல் நூலை உலகம் முழுவதும் படித்தார்கள்.

பஞ்சாபி குழுவினர் 1995-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எடை விழுந்து எலும்பு உடையும் அந்தக் கணத்தில் கால்வாய் எவ்வளவு குறுகுகிறது என்று, உள்ளேயே அளக்கும் கருவி வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகும் அளந்தார்கள். இரண்டும் ஒன்றாக இல்லை. உடையும் கணத்தில் எலும்புத் துண்டு கால்வாய்க்குள் வெகுதூரம் பாய்கிறது. பின்னால் உள்ள நார்ப்பட்டை அதை ரப்பர் பட்டை போலத் திரும்ப இழுத்துவிடுகிறது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரூத் வில்காக்ஸ் குழுவினர் மாட்டு எலும்பில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது: அடைப்பு உச்சத்தைத் தொடுவது மோதலின் கணத்தில், கடைசியில் நிற்கும் இடம் அதைவிடக் குறைவு.

இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஸ்கேன் காட்டுவது எலும்பு கடைசியில் வந்து நின்ற இடத்தை. அது போய் வந்த தூரத்தை ஸ்கேன் காட்டாது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், மாலை ஆறு மணிக்கு இருப்பைப் பார்த்து, பகலில் எவ்வளவு பணம் வெளியே போய்த் திரும்பி வந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு நாள்பேரேடு வேண்டும். முதுகெலும்புக்கு நாள்பேரேடு எழுதிக் காட்டியது ஆய்வுக்கூடம்.

அந்த மீனவர் விஷயத்தில் இதுதான் நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோனதிலும் நரம்பு மேலும் நசுங்கியிருக்கலாம். ஆனால் படத்தில் கொஞ்சம், காலில் அதிகம் என்பது நடிப்புக்கு ஆதாரம் ஆகாது. நான் எழுதிய வரி தப்பு.

ஆய்வுக்கூடம் இன்னொன்றையும் சொன்னது. அதே அளவு சக்தியை மெதுவாகக் கொடுத்தால் எலும்பு பெரும்பாலும் நசுங்குகிறது. சட்டென்று கொடுத்தால் வெடித்து, துண்டு கால்வாய்க்குள் பாய்கிறது. அடியின் பலம் மட்டும் கணக்கில்லை. எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதும் கணக்கு. ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் கீழே தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். படகின் கெட்டிப் பலகை அந்த வேகத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்துகிறது. இடுப்பு நின்றுவிடுகிறது, மேலுடம்பு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது அந்த ஒரு எலும்பு. முழங்காலை மடக்கி நின்றிருந்தாலோ, அடியில் அமுங்கும் இருக்கை இருந்தாலோ நிற்கும் நேரம் நீளும், அடி குறையும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழவேற்காடு ஏரியையும் வங்காள விரிகுடாவையும் பிரிக்கும் நிலத்திட்டுதான் ஸ்ரீஹரிகோட்டா. 2023 அக்டோபர் 21-ஆம் தேதி ககன்யான் திட்டத்துக்காக ஆளில்லாத கலம் ஒன்றை அங்கிருந்து ஏவி, பாராசூட்டில் கடலில் இறக்கிச் சோதித்தார்கள். மனிதர் உள்ளே இருக்கும்போது தண்ணீரில் மோதும் அடி முதுகைத் தாக்காமல் இருக்க, அடியை உறிஞ்சும் இருக்கைகளை வடிவமைக்கிறார்கள். விண்வெளி வீரரின் முதுகெலும்பும் குப்பத்து மீனவரின் முதுகெலும்பும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஒருவருக்கு இருக்கை தயாராகிறது. அதே கடலில் இறங்கும் மற்றவருக்கு இன்னும் பலகைதான்.

சரி, முறிவை உண்டாக்கியாகிவிட்டது. சிகிச்சையை எப்படிச் சோதிக்கிறார்கள்? உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் திருகாணி பொருத்திக் கம்பியால் இணைத்து, முன்னே, பின்னே, பக்கவாட்டில் வளைத்தும் திருகியும் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான தடவை வளைத்த பிறகும் திருகாணி பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இப்போது ஸ்கேனை வைத்துக் கணினியிலேயே எலும்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, பாரம் ஏற்றிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. அறுவை அறையில் டாக்டர் எத்தனை எலும்பைச் சேர்த்துக் கட்டுவது என்று முடிவெடுக்கும்போது இந்தச் சோதனைகளும் பின்னால் நிற்கின்றன.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் எல்லை உண்டு. இதை நான் வீட்டில் தெரிந்துகொண்டேன். நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்தபடியே விழுந்தாள். அமுக்க முறிவு. வயதானதில் எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்டது என்றார்கள். உறவினர் ஒருவர், "சிமெண்ட் ஊசி போட்டால் அடுத்த நாளே நடக்கலாம்" என்றார். கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் 2007-இல் எழுதிய ஒரு வரி மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்தத் தடவை படித்துப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

உடைந்த எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் இந்த முறை 1984-இல் பிரான்சில் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் எலும்பை நசுக்கி, சிமெண்ட் செலுத்தி, மறுபடி அழுத்திப் பார்த்தால் எலும்பு பலம் பெறுகிறது. கணக்கு சரியாக இருக்கிறது. அப்படியானால் நோயாளிக்கும் வலி குறைய வேண்டும் அல்லவா? 2009-இல் இரண்டு ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் வந்தன. ஒன்றில் 78 பேர், மற்றொன்றில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சிமெண்ட். மற்றவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி, முதுகில் அழுத்தம், அறையில் சிமெண்டின் வாசனை. ஆனால் சிமெண்ட் உள்ளே போகவில்லை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து வலியைக் கேட்டபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது.

பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2016-இல் வந்த ஒன்று, முறிவு ஏற்பட்டு ஆறு வாரத்துக்குள் கடும் வலியில் இருப்பவர்களுக்குப் பலன் உண்டு என்றது. 2018-இல் வந்த இன்னொன்று பலன் இல்லை என்றது. ஆகவே சிமெண்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எப்போது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். சில வாரங்களில் வலி குறைந்தது. எலும்புக்கான மருந்து இன்றும் தொடர்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. டிரையல் பேலன்ஸ் இரு பக்கமும் சரியாக இருந்தாலும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. தவறான தலைப்பில் எழுதிய பதிவு டிரையல் பேலன்ஸில் தெரியாது. எலும்பின் பலம் என்ற தலைப்பில் ஆய்வுக்கூடம் கணக்குக் காட்டியது. நோயாளி கேட்டது வலி என்ற தலைப்பில். மேசை மேல் இருக்கும் எலும்புக்கு வலி கிடையாது, தசை கிடையாது, அது ஆறுவதும் கிடையாது. தானமாக வரும் எலும்புகள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. வெடிப்பு முறிவு வருவதோ பெரும்பாலும் அந்த மீனவர் போன்ற இளவயதுக்காரர்களுக்கு. தண்டுவடக் காயத்துக்கும் இதே கதைதான். 1911-இல் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் தண்டுவடத்தில் எடையை விழவிட்டு ஆராயத் தொடங்கினார். இன்று எலிகளில் செய்கிறார்கள். எலிகளில் பலன் தந்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தேறவில்லை.

ஆகவே ஆய்வுக்கூடத்தை மதிக்க வேண்டும். அதோடு, மனிதரிடம் சோதித்தார்களா என்றும் கேட்க வேண்டும். உங்களுக்கு யாராவது புது சிகிச்சை சொன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி நம் குடியிருப்புக்கு வேண்டியது. யாராவது மாடியிலிருந்தோ, ஸ்டூலிலிருந்தோ, வண்டியிலிருந்தோ விழுந்து முதுகு வலிக்கிறது என்றால், அக்குளையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள். உடனடி ஆபத்து இல்லாத இடமென்றால் அசைக்காமல் படுக்க வைத்தபடியே 108-ஐ அழையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலை, முதுகு, இடுப்பு, கால் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி மரக்கட்டையை உருட்டுவது போல உருட்டித் தட்டையான பலகையில் ஏற்றுங்கள். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் போக முடியாமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. லிஃப்ட் அறைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கெட்டிப் பலகை வைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அறுபது தாண்டிய சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வயதானவர்களுக்கு வரும் முள்ளெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை டாக்டரிடம் போவதே இல்லை. விழ வேண்டும் என்றுகூட இல்லை. குடத்தைத் தூக்கினாலே போதும். உயரம் குறைந்திருந்தால், முதுகு புதிதாகக் கூனியிருந்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

முறிவுக்குப் பின் வாழ்க்கை இருக்கிறது என்பதற்கு நம் வேலூரிலேயே சாட்சி உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார்.

போன பொங்கலுக்குப் பிறகு அந்தக் குப்பத்துக்குப் போனேன். அவருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வலை பின்னுகிறார், காலை இழுத்துத்தான் நடக்கிறார். பஞ்சாபி, லீட்ஸ் என்றெல்லாம் சொல்லவில்லை. ஒரு குச்சியையும் ரப்பர் பட்டையையும் வைத்து, எலும்பு உள்ளே பாய்ந்து திரும்பி வருவதைக் காட்டினேன். அந்தக் குறிப்பை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "போய் உன் மாமன இட்டா. சார் இன்னொரு தபா சொல்வாரு, அவனும் கேக்கட்டும்" என்றார்.

மைத்துனர் வந்தார். இன்னொரு தடவை சொன்னேன்.